பருப்பு குடிக்கும் தண்ணீர்

வேண்டாம் சார், மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் வளைவில் சாய்ந்துவிடும். கண்டக்டரும் பின்னால் வைக்கச் சொன்னார். வேண்டுமானால் இதற்கும் ஒரு டிக்கெட் கிழித்துக்கொள்ளுங்கள், மடியை விட்டு இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குழந்தை இல்லை சார், குக்கர். ஐந்து லிட்டர். சூடு ஆறாமல் இருக்கப் போர்வை சுற்றியிருக்கிறது.

நீங்களும் பழனிக்கா? நல்லது. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, இரண்டு பேனா வைத்திருக்கிறீர்கள். வாத்தியார்தானே? நினைத்தேன். அப்படியானால் உங்களிடம் ஒன்று கேட்கலாம். ஒருவருக்கு நாம் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறோம். சொன்னதைச் சொன்னபடியே அவர் செய்கிறார். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அவர்மேல் கோபப்பட நமக்கு உரிமை இருக்கிறதா?

உடனே சொல்லாதீர்கள். முழுவதையும் கேளுங்கள்.

என் பெயர் நாச்சிமுத்து. பொன்மலர் குக்கர் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் சமையல் விளக்கம் செய்கிறேன். பொருட்காட்சியில், பாத்திரக் கடை திறப்பு விழாவில், மகளிர் குழுக் கூட்டத்தில் மேசை போட்டு, மைக் பிடித்து, ஜனங்களுக்கு முன்னால் சமைத்துக் காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த வேலை. மேடையில் பேசிப் பேசி என் பேச்சே இப்படி ஆகிவிட்டது. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட மூன்றாவது வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பேன் என்று சாந்தாமணி சொல்லுவாள். சாந்தாமணி என் மனைவி.

இதைச் சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். சமைப்பது வேறு, சமைத்துக் காட்டுவது வேறு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது. எந்த அளவையும் மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவை காதுக்கு, ஒரு தடவை மனதுக்கு, ஒரு தடவை பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு. கையைக் கட்டிக்கொண்டு, 'இவன் என்னத்தக் கிழிக்கப் போறான்' என்று உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மா எந்தக் கூட்டத்திலும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து அவரைப் பார்த்துப் பேச வேண்டும். அவர் கை அவிழ்ந்தால் கூட்டமே அவிழ்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறக்கும் முன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூன்று வினாடி மௌனம். பிறகு திறக்க வேண்டும். ஆவி குபீர் என்று மேலே எழும். அந்த முதல் ஆவிதான் சார் எங்கள் தொழில். அதை ஒரு தடவைதான் காட்ட முடியும்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கற்றது.

என்ன சமைப்பேன் என்கிறீர்களா? எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம்தான். ஒரே பாத்திரத்தில் ஆகிற சாப்பாடு. திருப்பூர், ஈரோடு, கோபி எங்கே போனாலும் அது தெரியாத வீடு கிடையாது. ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர், மூன்று விசில், பதினைந்து நிமிஷம். நோட்டீஸே அடித்து வைத்திருக்கிறோம். இதோ பாருங்கள், பையில் ஒரு கட்டு இருக்கிறது. கீழே என் பெயர். 'செய்முறை: நாச்சிமுத்து.' நான் எழுதியதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஆபீஸில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் எழுதினேன். எத்தனை ஆயிரம் குக்கரோடு இது போயிருக்கும் என்று எனக்கே தெரியாது.

இப்போது தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாரும் செய்வதுதான். மேடையில் இரண்டு குக்கர் இருக்கும். மேலே ஒன்று, ஜனங்கள் பார்க்கிற மாதிரி. மேசைக்கடியில் துணி மறைவில் இன்னொன்று, சின்ன அடுப்பில். அது ஏற்கெனவே வெந்த சோறு. மேலே இருப்பதில் அரிசி, பருப்பு எல்லாம் போட்டு விசில் விட வைப்பேன். விசில் வந்தபின் ஆவி அடங்கப் பத்து நிமிஷம் ஆகும். பத்து நிமிஷம் எந்தக் கூட்டம் சார் உட்காரும்? எதிரே பஞ்சு மிட்டாய் விற்கிறான், ராட்டினம் சுற்றுகிறது. அதனால் மேலே இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, கீழே இருப்பதை மேலே எடுப்பேன். ஆறு வினாடி. இது ஏமாற்று இல்லை. கீழே இருப்பதும் சோறுதான், எங்கள் குக்கரில் வெந்த சோறுதான்.

அந்த ஆறு வினாடியும் ஜனங்கள் என் கையைப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் ஒரு ஜோக் வைத்திருந்தேன். குனியும்போது சொல்லுவேன்: "எங்க ஊட்டுக்காரம்மாளுக்குச் சுடுதண்ணி வெக்கறதுக்கே நாந்தான் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுக்கோணும். அவங்களே இந்தக் குக்கர்ல சோறாக்கறாங்கன்னா, உங்களால முடியாதுங்களா?" அவ்வளவுதான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கி நிமிரும்போது குக்கர் மாறியிருக்கும்.

வேறு ஜோக் முயற்சி செய்யாமல் இல்லை. என் மாமனாரை வைத்து ஒன்று சொல்லிப் பார்த்தேன். மூன்று வினாடிதான் சிரித்தார்கள். குக்கரைத் தூக்குவதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது.

கீழே இருக்கும் குக்கரில் யார் சமைப்பது என்று கேட்கிறீர்களா? சாந்தாமணிதான். வேறு யார்? விளக்கம் இருக்கிற நாளில் காலை ஐந்து மணிக்கு எழுந்து வைத்து, இந்தப் போர்வையில் சுற்றிக் கொடுத்துவிடுவாள். என்னால் அந்த நேரத்தில் சமைக்க முடியாது சார், தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே அரைகுறையாக வெந்தது இருக்குமல்லவா, அதையும் வீணாக்குவதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோவேன். என்னவோ சேர்த்து மறுபடி வைத்துத் தருவாள். நன்றாகத்தான் இருக்கும். நான் குறை சொன்னதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஈரோட்டில் பொருட்காட்சி. பத்து நாள். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். சாந்தாமணியும் வந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என் மேடையைப் பார்த்தது கிடையாது. வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. நான்காவது வரிசை, ஓரத்து நாற்காலி. மல்லிகைப்பூ வைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு என் குரல் எப்படி இருந்தது என்கிறீர்கள்! ராட்டினத்துக்கு வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது விசில் வந்தது. குனிந்தேன். ஜோக் வாயில் வந்துவிட்டது.

நான் யோசித்துச் சொல்லவில்லை சார். குனிந்தால் வந்துவிடும். முதுகெலும்புக்குப் பழகிப்போனது. அன்றைக்குச் சிரிப்பு வழக்கத்தைவிடப் பெரிது. ஏனென்றால் எங்கள் தெருக்காரிகள் எல்லாரும் திரும்பிச் சாந்தாமணியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சத்தியமாகச் சிரித்தாள். அதனால்தான் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கோபம் வந்தவள் சிரிப்பாளா? நீங்களே சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் சட்டையை வாங்கி மாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த நோட்டீஸுல ஒண்ணு குடுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், மேடையைப் பார்த்ததும் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தேன். நல்லதாக, மடிப்பு விழாததாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். சோற்றுப் பருக்கையால் அதை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள். கூடவே கேட்டாள்: "கம்பெனி டம்ளரும் வேணும்." குக்கரோடு ஒரு அளவு டம்ளர் கொடுப்போம். அதையும் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். நானூறு பெண்களுக்குக் குறையாது. முதல் வரிசையில் கடைக்காரர்கள், அவர்களோடு எங்கள் மேனேஜர் கிரிதரன். முப்பது வயது. செல்போனில் வீடியோ போட்டாலே குக்கர் விற்றுவிடும், மேடை எதற்கு என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். மேடை எதற்கு என்று அன்று அவனுக்குக் காட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன். சாந்தாமணி வழக்கம்போலப் போர்வையில் சுற்றிக் கொடுத்தாள். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

எல்லாம் பிரமாதமாகப் போனது. கையைக் கட்டியிருந்த அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். பருப்பை அளக்கும்போதே கையை அவிழ்த்துவிட்டார். குனிந்தேன், ஜோக், சிரிப்பு, நிமிர்ந்தேன். ஆமாம் சார், அன்றைக்கும் அதே ஜோக்தான். வேறு என்ன சொல்வது? மூன்று வினாடி மௌனம். திறந்தேன்.

ஆவி வந்தது. கூடவே தீய்ந்த வாசனை.

கரண்டியை விட்டேன். மைக் பக்கத்திலேயே இருந்தது. அடியில் கரகரவென்று சுரண்டுகிற சத்தம் பொருட்காட்சி முழுக்கக் கேட்டது. எங்கள் வழக்கம், கூட்டத்திலேயே வயதான அம்மா ஒருவரை மேடைக்கு அழைத்து முதல் வாய் அவருக்குத்தான் கொடுப்போம். அந்த அம்மாவும் அதற்குள் ஏறி வந்துவிட்டார். கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தேன். மென்றார். மைக்கில் நறநறவென்று கேட்டது.

"பருப்பு வேகவே இல்லியேப்பா" என்றார். பாவம், மெதுவாகத்தான் சொன்னார். மைக் சத்தமாகச் சொல்லிவிட்டது.

சிரிப்பு. நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அப்போது கையை அவிழ்த்திருந்த அந்த மூன்றாம் வரிசை அம்மா எழுந்தார். "ஏனுங்க, நோட்டீஸுல போட்டபடி வெச்சா இப்படித்தானுங்க ஆகும். அரிசிக்கு ரெண்டு டம்ளர் சரி, பருப்பு குடிக்கற தண்ணி எங்கீங்க? நாங்கெல்லாம் ஒரு டம்ளர் சேத்தித்தான் ஊத்தறோம்!" பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும், "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்: "உங்க ஊட்டுக்காரம்மாளுக்கு நீங்க சொல்லிக்குடுத்தது இதத்தானுங்களா?"

நான் சொன்ன ஜோக்குக்கு இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை சார். ஆறு வினாடி என்ன, அறுபது வினாடி சிரித்தார்கள். பத்து குக்கர் மாற்றியிருக்கலாம்.

எனக்கு ஆற்றாமை எது தெரியுமா? அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அரிசிக்குத் தண்ணீர் எழுதினேன், பருப்புக்கு எழுத விட்டுவிட்டேன். அது அத்தனை வீட்டிலும் தெரிந்திருக்கிறது. நோட்டீஸை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் சேர்த்து ஊற்றிக்கொண்டு, யாருமே என்னிடம் சொல்லவில்லை. ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாமே!

கிரிதரன் மேடைக்குப் பின்னால் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். "அண்ணா, பழனியில ஒரு கடைத் திறப்பு ஒத்துக்கிட்டோம். அத மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க. அது நல்லா வந்தா மத்ததப் பேசலாம். இல்லாட்டி வீடியோவே போதும்ணா." எனக்கு ஐம்பத்தாறு வயது சார். இந்த வயதில் என்னை எந்த மேடையில் ஏற்றுவார்கள்?

வீட்டுக்கு வந்து கத்தினேன். மறைக்கவில்லை, கத்தினேன். "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றேன். அவள் சுவரைக் காட்டினாள். "நோட்டீஸுல என்ன போட்டிருக்குதோ அதையேதானுங்க வெச்சேன். அரிசி ஒண்ணு, பருப்பு கால், தண்ணி ரெண்டு, விசில் மூணு. டம்ளர் கூட உங்க டம்ளருதான். எனக்குத்தான் சுடுதண்ணி வெக்கவே சொல்லிக்குடுக்கோணுமே. சொல்லிக்குடுத்தபடி செஞ்சேன்."

இதற்கு என்ன பதில் சொல்லுவீர்கள்? உங்கள் கேள்வித்தாளில் கேள்வி தப்பு. பையன் தப்பான கேள்விக்குச் சரியான பதில் எழுதிவிட்டான். முட்டை போடுவீர்களா, முழு மார்க்கா?

அன்றிலிருந்து பதினாறு நாள். சாப்பாடு போடுகிறாள், துணி துவைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எங்கே தவறினேன்? அன்றைக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ? திறந்ததும் வாசனை தெரிந்ததே, உடனே மூடிவிட்டு அடுத்த குக்கருக்குப் போயிருக்க வேண்டுமோ? மைக்கைத் தள்ளி வைத்திருக்க வேண்டுமோ? அந்த அம்மாவுக்குப் பதிலாகப் பல் இல்லாதவராகப் பார்த்து அழைத்திருக்க வேண்டுமோ? எல்லாம் யோசித்தேன். தூக்கமே வரவில்லை. ஜோக்கைக்கூட மாற்றி வைத்திருக்கிறேன். இனிமேல் அவளைச் சொல்ல மாட்டேன், என் அக்காவைச் சொல்லப் போகிறேன்.

இன்று காலை சொல்கிறேன் கேளுங்கள். சமைத்துக் கொடு என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? ஹோட்டலில் வாங்கிக் குக்கரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். ஐந்து மணிக்குக் கண் விழித்தால் சமையலறையில் விளக்கு. தாளிக்கிற சத்தம். குளித்துவிட்டு வந்தால் வாசற்படியில் இது இருக்கிறது, போர்வை சுற்றி, முடிச்சுப் போட்டு. அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான் செருப்பை மாட்டினேன். பதினாறு நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

கேட்கச் சொல்கிறாளே என்று நானும் கேட்டேன்: "உப்பு போட்டியா?"

உள்ளே போய்விட்டாள் சார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? உப்பு முக்கியம் இல்லையா?

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மடியில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் வழக்கமாக வைப்பதா, நோட்டீஸில் இருப்பதா? திறந்து பார்க்கலாம் என்பீர்கள். திறந்தால் உள்ளே அடைத்திருக்கிற வாசனை போய்விடும். அப்புறம் அங்கே போய் எத்தனை சூடு செய்தாலும் வெறும் ஆவிதான் வரும், மணம் வராது. ஏறும்போது கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. குழைந்திருந்தாலும் சத்தம் வராது, அடிப்பிடித்திருந்தாலும் வராது. தாராபுரம் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் இதை நூறு பேருக்கு முன்னால் திறக்க வேண்டும்.

என்ன சொன்னீர்கள்? போன் பண்ணுவதா?

பண்ணி என்ன கேட்பது? எந்தச் சோறு என்று கேட்டால், நீ எனக்கு மறுபடியும் குழி பறித்தாயா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? ... அதைக் கேட்க வேண்டாம், சரி. வேறு எதைக் கேட்பது? ... எப்படிச் செய்வாள் என்றா? அவள் எப்படிச் செய்வாள் என்று நான் எதற்கு... 

இல்லை, கேட்டதில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

இருங்கள். எண்ணைப் போடுகிறேன். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், டவர் கிடைக்கட்டும். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அடிக்கிறது. ... எடுத்துவிட்டாள்.

"நாந்தான்."

...

"பஸ்ஸுலதான். ஆறல, சூடாத்தான் இருக்குது. ... இல்ல, தொறக்கல. ... அதுக்கில்ல சாந்தாமணி. இது... இது நீ எப்படி வெப்பே?"

...

சத்தமே இல்லை சார். வைத்துவிட்டாளோ? இல்லை, பக்கத்து வீட்டுக் கோழி கத்துவது கேட்கிறது. லைனில்தான் இருக்கிறாள்.

"இதுல எப்படி வெச்சேன்னு கேக்கல. நீ எப்பவும் எப்படி வெப்பேன்னு கேக்கறேன். மொதல்லருந்து சொல்லு."

...

மூக்கை உறிஞ்சுகிறாள். இருங்கள், ஏதோ சொல்கிறாள். பேனா இருக்கிறதா என்று கேட்கிறாள்.

சார், அந்த நீலப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள். காகிதம் இருக்கிறது, இந்த நோட்டீஸுக்குப் பின்பக்கம் எதுவும் அச்சாகவில்லை. "ம், சொல்லு. ... அரிசியவும் பருப்பவும் கழுவி? ... ஊற வெக்கோணுமா? எவ்வளவு நேரம்? ... அரை மணி நேரமா! அப்ப பதினஞ்சு நிமிஷம்னு நான் இத்தன வருஷமா... சரி, சரி, குறுக்க பேசல. தண்ணி? ... இரு, இரு, பஸ் ஆடுது, எழுத முடியல."

சார், தப்பாக நினைக்காதீர்கள். இந்தக் குக்கரைக் கொஞ்சம் உங்கள் மடியில் வாங்கிக்கொள்கிறீர்களா?

"ம். இப்பச் சொல்லு. எழுதறேன்."